5ஜி, 6ஜி காலத்தில் அலைபேசிப் பாதுகாப்பு: ராமநாதபுரம் கடற்கரைக்கான கேள்வி பதில்

தொண்டி முதல் வாலிநோக்கம் வரையிலான கரையோர ஊர்களில் போன், படகுக் கருவிகள், இறால் பண்ணைக் கருவிகள் ஆகியவற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. இன்று கையில் இருப்பதையும் அடுத்து வரப்போவதையும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம். இந்தக் கரையில் பேச்சை ஒட்டுக்கேட்பதைவிட இருப்பிடம் தெரிந்துபோவதுதான் பெரிய விஷயம் என்பது எங்கள் எண்ணம். படகு எந்தப் பாரில் (மீன் கூடும் கடலடித் திட்டில்) நிற்கிறது, இலங்கையுடனான கடல் எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு அருகில் போனது என்பதெல்லாம் பிழைப்போடு சேர்ந்தவை. அதனால் பல பதில்கள் சுற்றிச் சுற்றி அந்த இடத்துக்கே வரும்.

தலைமுறைக்குத் தலைமுறை பாதுகாப்பு கூடுகிறது என்கிறார்களே, எது கூடியது?

2ஜியில் டவர் உங்கள் சிம்மைச் சோதிக்கும். உங்கள் போன் டவரைச் சோதிக்காது. யார் டவர் போல நடித்தாலும் போன் நம்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். 3ஜியில் இந்தக் குறை சரியானது: சிம்மும் நிறுவனமும் ஒன்றையொன்று சரிபார்க்கத் தொடங்கின. 4ஜியில் மறையாக்கம் (தரவைப் பூட்டி அனுப்புவது) வலுவானது. ஆனாலும் சிம்மின் நிரந்தர அடையாள எண்ணை டவர் கேட்டால், சரிபார்ப்புக்கு முன்பே போன் அதைத் திறந்த வெளியில் சொல்லிவிடும். 5ஜியில் அந்த எண் உங்கள் நிறுவனத்தின் பொதுச் சாவியால் (அதால் பூட்ட மட்டுமே முடியும், திறக்கும் சாவி நிறுவனத்திடம் இருக்கும்) பூட்டப்பட்டே போகிறது. ஒவ்வொரு முறையும் வேறு உருவில் போவதால், நடுவில் கேட்பவருக்கு நேற்று கேட்டதும் இன்று கேட்டதும் ஒரே சிம் என்று தெரியாது. தரவை வழியில் யாரும் திருத்தாமல் காக்கும் வசதியும் 5ஜியில் வந்தது.

இதெல்லாம் மூன்றாம் ஆளிடமிருந்து காக்கும் ஏற்பாடு. உங்கள் நிறுவனத்துக்கே உங்கள் இடம் தெரிவது ஒவ்வொரு தலைமுறையிலும் நுணுக்கமாகிக்கொண்டுதான் வருகிறது. அலை போய்வரும் நேரத்தை வைத்து டவர் தூரத்தைக் கணக்கிடுகிறது. அந்த அளவின் ஒரு படி 2ஜியில் ஏறக்குறைய 550 மீட்டர், 4ஜியில் 78 மீட்டர், இங்கே வழக்கத்தில் உள்ள நடுப்பட்டை (நடுத்தர அலைவரிசை) 5ஜியில் 39 மீட்டர். சில பத்து மீட்டர் அளவுக்குத் தூரத்தைச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது.

போலி டவர் என்பது நடக்கிற காரியமா?

நடக்கிறது. பல நாடுகளில் காரிலோ பையிலோ வைத்த சிறு கருவியோடு ஆட்கள் பிடிபட்டிருக்கிறார்கள். அந்தக் கருவி முதலில் 4ஜி டவர் போல வலுவான சிக்னல் விட்டு போனை இழுக்கும், பிறகு 2ஜிக்குத் தள்ளும், அங்கே வைத்துக் குறுஞ்செய்தியை நேரே திணிக்கும். செய்தி நிறுவனத்தின் வழியே வராததால் அதன் ஸ்பேம் தடுப்புக்கு வேலையில்லை. அனுப்பியவர் பெயராக எதை வேண்டுமானாலும் போடலாம், வங்கியின் பெயரையும்கூட. விளம்பரம், அரசுச் செய்தி என்று பிரித்துக் காட்ட இந்தியாவில் ஹெடரின் (அனுப்பியவர் பெயராகத் தெரியும் எழுத்துகளின்) முடிவில் சேர்க்கப்படும் எழுத்தையும் இந்தக் கருவி போலியாக எழுதிவிடும். ஆகவே ஹெடரைப் பார்த்து நம்பாதீர்கள். செய்தியில் இணைப்பு இருந்தால் அதைத் தொடாமல், வங்கியின் செயலியைத் தனியாகத் திறந்து பாருங்கள்.

கோயில் திருவிழா, மார்க்கெட், பேருந்து நிலையம் என்று கூட்டம் கூடும் இடம்தான் இதற்குத் தோது. ஆடி, தை அமாவாசைகளில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் நிற்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நல்ல 4ஜி இருந்த இடத்தில் திடீரென 2ஜி அடையாளம் வந்து, அதோடு ஒரு குறுஞ்செய்தியும் வந்தால் சந்தேகப்படுங்கள். அப்போதைக்கு விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, நூறு இருநூறு மீட்டர் தள்ளிப் போய் மறுபடி இணையுங்கள்.

2ஜியை அணைத்துவிடலாமா? கடலில் அதுதானே கிடைக்கிறது?

ஆண்ட்ராய்டு 12 முதல் பல போன்களில் சிம் அமைப்புக்குள் '2ஜியை அனுமதி' என்ற பொத்தான் உண்டு. எல்லா மாடலிலும் இருக்காது, போனின் மோடமும் அதை ஆதரிக்க வேண்டும். ஐபோனில் தனிப் பொத்தான் இல்லை; ஐஓஎஸ் 17 முதல் லாக்டவுன் பயன்முறை போட்டால் 2ஜி நின்றுவிடும். ஆனால் அது வேறு பல வசதிகளையும் முடக்கும், எல்லோருக்கும் ஒத்துவராது.

யார் அணைக்கலாம் என்றால், ஜியோ சிம் மட்டும் வைத்திருப்பவர் தயங்காமல் அணைக்கலாம். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, இழப்பதற்கு ஒன்றுமில்லை. அணைக்காவிட்டால் அந்தப் போனும் போலி 2ஜி டவரிடம் ஏமாறும், அதைப் பலர் யோசிப்பதில்லை. மற்ற நிறுவனங்களின் சிம்மோடு தொழிலுக்குப் போகிறவர் கரையில் அணைத்து வைத்து, படகு ஏறும்போது திறந்துகொள்வது நல்லது. 2ஜி அணைத்திருந்தாலும் 112 போன்ற அவசர அழைப்பை ஆண்ட்ராய்டு 2ஜி வழியே விடும்.

போன் மேலே 5ஜி என்று காட்டுகிறது. என் சிம் அடையாளம் மறைந்துவிட்டது என்று அர்த்தமா?

அவசியமில்லை. இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியபோது ஜியோ தனி 5ஜி மையத்தோடு (சிம்மைச் சரிபார்த்து இணைப்பை நடத்தும் மையக் கணினி அமைப்போடு) வந்தது. ஏர்டெல் 4ஜி மையத்தின் மேல் 5ஜி அலையை ஏற்றித் தொடங்கியது. இரண்டாவது வகையில் வேகம் 5ஜியுடையது, அடையாளப் பாதுகாப்பு 4ஜியுடையது. திரையில் தெரியும் அடையாளம் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

தனி 5ஜியாக இருந்தாலும் இன்னொரு நிபந்தனை உண்டு. நிறுவனத்தின் பொதுச் சாவி சிம்முக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தரநிலையே ஒரு 'வெற்று முறையை' அனுமதிக்கிறது. பூட்டிய உறை போலவே போகும், உள்ளே எண் அப்படியே கிடக்கும். ஏழெட்டு ஆண்டுப் பழைய சிம் வைத்திருப்பவர்கள் நிறுவனக் கடைக்குப் போய்ப் புதிய சிம்மோ இ-சிம்மோ மாற்றிக்கொள்வதற்கு இது ஒரு நல்ல காரணம்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை சிக்னல் பிடிக்கிறது. ஆபத்தா?

முதலில் காரணம். 40 மீட்டர் உயர டவரின் ரேடியோ அடிவானம், கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே இருக்கும் போனுக்கு ஏறக்குறைய 32 கிலோமீட்டர். அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் மரமோ கட்டடமோ இல்லாத வெறும் கடல். வெயில் காலத்தில் கடலின் மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும்போது அலை வளைந்து இன்னும் தூரம் போகும். வடகடலில் (பாக் விரிகுடாவில்) தொழில் செய்பவர்களுக்கு இது புதிதில்லை.

இது போலி டவர் இல்லை, உண்மையான அந்நிய நாட்டு டவர். உங்கள் சிம்முக்கு ரோமிங் திறந்திருந்தால் இரண்டு விளைவுகள். ஒன்று, காசு. மற்றது, உங்கள் சிம் அடையாளமும் நீங்கள் அந்த டவரின் எல்லைக்குள் இருக்கும் நேரமும் அந்நாட்டு நிறுவனத்தின் பதிவில் ஏறும். 5ஜியின் பூட்டு காற்றில் கேட்பவருக்குத்தான் எதிரானது. ரோமிங்கில் சரிபார்ப்பு முடிந்ததும், சேவை தரும் வலையமைப்புக்கு உண்மையான எண்ணை உங்கள் நிறுவனமே கொடுத்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது: டேட்டா ரோமிங்கை அணையுங்கள். வெளிநாட்டு ரோமிங் தேவையில்லை என்றால் நிறுவனத்திடம் சொல்லி அதையே நிறுத்துங்கள். நெட்வொர்க் தேர்வைத் 'தானாக' என்பதிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். சில போன்களில் பெயருக்குப் பதில் எண் தெரியும்: 404, 405 என்று தொடங்கினால் இந்தியா, 413 என்றால் இலங்கை. கரை திரும்பியதும் தானியங்கிக்கு மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் மதுரையோ திருச்சியோ போகும்போது சிக்னல் தடுமாறலாம்.

படகில் வைக்கும் டிரான்ஸ்பாண்டரும் ஏஐஎஸ் கருவியும் என் மீன்பாடு இடத்தைக் காட்டிக்கொடுக்குமா?

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏஐஎஸ் என்பது படகும் கப்பலும் தங்கள் இடத்தைத் தாமே அறிவிக்கும் கருவி, திறந்த வெளியில் கத்திச் சொல்வது போன்றது. 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைகளில் படகின் ஒன்பது இலக்க எண், இடம், வேகம், திசை எல்லாம் பூட்டில்லாமல் போகும். இந்தியப் படகின் எண் 419 என்று தொடங்கும். சில ஆயிரம் ரூபாய் ரிசீவர் வைத்திருப்பவரும், இணையத்தில் கப்பல் வரைபடம் பார்ப்பவரும் அதைப் படிக்கலாம். கையொப்பம் இல்லாததால் இல்லாத கப்பலை இருப்பதாகக் காட்டவும் முடியும். அதற்காகக் கப்பல் போகும் தடத்தில் ஏஐஎஸ்ஸை அணைக்காதீர்கள். இருட்டில் சரக்குக் கப்பல் உங்கள் விசைப்படகைக் காண அதுதான் கண். ரகசியம் காக்க உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

அரசு இலவசமாகப் பொருத்தும், இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர் வேறு வகை. ஒரு லட்சம் படகுகளுக்கான அந்தத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. தகவல் செயற்கைக்கோள் வழியே கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும், பக்கத்துப் படகுக்குத் தெரியாது. ஆபத்தில் செய்தி அனுப்பலாம், எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கை வரும். நாங்கள் பொருத்தவே சொல்வோம். அதே நேரம், பயணத் தடத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எந்தத் துறைகள் பார்க்கலாம் என்று சங்கங்கள் எழுத்தில் கேட்பது நியாயம். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசு அமைப்புகளுக்கு விலக்குகள் உண்டு. அதனால்தான் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைப்பது முக்கியம்.

உண்மையில் பாடு இடம் கசிவது பெரும்பாலும் போன் வழியாக. பிடித்த மீனைப் படமெடுத்தால் படத்துக்குள் ஜிபிஎஸ் புள்ளி ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். 'ஆவணமாக' அனுப்பினால் அப்படியே போகும். கேமரா அமைப்பில் இருப்பிடக் குறியை அணையுங்கள். வானிலை, மீன் விலை செயலிகளுக்கு இருப்பிட அனுமதி 'எப்போதும்' வேண்டாம், 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும்.

ஜிபிஎஸ்ஸையே ஏமாற்ற முடியுமாமே?

முடியும். 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து வரும் அந்த அலை தரையைத் தொடும்போது மிக மெலிந்திருக்கும். சிறு கருவியாலும் அதை மூழ்கடிக்கலாம், அல்லது பொய்யான அலையைக் கொடுத்து இடத்தை மாற்றிக் காட்டலாம். மூழ்கடித்தால் கருவி 'சிக்னல் இல்லை' என்று சொல்லிவிடும், அது பரவாயில்லை. பொய் அலை வந்தால் கருவி தெம்பாகத் தவறான இடத்தைக் காட்டும். சர்வதேசக் கடல் எல்லைக்கு அருகில் அது எதில் கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடையாளங்கள்: இடம் திடீரெனத் தாவும். இன்ஜின் ஓட்டத்துக்கும் திரையில் காட்டும் வேகத்துக்கும் பொருந்தாது. எல்லாச் செயற்கைக்கோள் கோடுகளும் ஒரே உயரத்தில் நிற்கும். உண்மையில் அவை ஏறி இறங்கித்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் காம்பஸைப் பாருங்கள், எக்கோவில் (ஆழம் காட்டும் கருவியில்) ஆழத்தைப் பாருங்கள், பாம்பன் கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் அதன் திசையோடு ஒப்பிடுங்கள். ஜிபிஎஸ்ஸோடு, இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டியான நாவிக்கின் அலையையும் எடுக்கும் கருவி நல்லது. இரண்டையும் ஒருசேர ஏமாற்றுவது கடினம். இது கடலோடு நிற்பதில்லை: நடுப்பட்டை 5ஜி டவர்கள் தங்கள் நேரத்தை மைக்ரோ விநாடிக் கணக்கில் ஒத்துவைத்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் அந்த நேரம் ஜிபிஎஸ் வகைச் செயற்கைக்கோள்களிலிருந்தே வருகிறது. அலையைக் கெடுப்பவர் டவரையும் தடுமாற வைக்கலாம்.

6ஜி வந்தால் போன் இல்லாதவரையும் டவர் பார்க்குமாமே?

இந்தப் பட்டியலில் மிகக் கவனிக்க வேண்டிய கேள்வி இதுதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023 நவம்பரில் ஏற்ற 6ஜி வரைவில் ஆறு பயன்பாட்டு வகைகள் உள்ளன. அதில் ஒன்று தகவல்தொடர்போடு சேர்ந்த உணர்தல். எளிமையாகச் சொன்னால், டவர் ரேடாராகவும் வேலை செய்யும். தான் விட்ட அலை எதில் பட்டுத் திரும்புகிறது என்று பார்க்கும்.

எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பது பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. 100 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் 1.5 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பொருள்களைப் பிரித்தறியும். 400 மெகாஹெர்ட்ஸ் என்றால் 37 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். கரைக்கு அருகே வல்லத்தையும் விசைப்படகையும் பிரிக்க முதலாவதே போதும். கருவியே இல்லாமல் காணாமல்போன படகைத் தேட இது உதவும். மூடுபனியில் பாம்பன் கால்வாயைக் கடக்கவும் உதவலாம். ஆனால் போனில் 'இருப்பிட அனுமதி இல்லை' என்று அழுத்துவது இங்கே செல்லாது. அனுமதி கேட்க உங்களிடம் கருவியே இல்லையே. வீட்டு வைஃபையும் இதே பாதையில்தான் போகிறது. அலை மாறும் விதத்தை வைத்து அறைக்குள் ஆள் நடமாட்டத்தை அறியும் 802.11பிஎஃப் தரநிலை வந்துவிட்டது.

தரநிலை இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருப்பதால் கேட்க வேண்டியதைக் கேட்க இதுவே நேரம். எதிரொலித் தரவை டவரிலேயே அழிக்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா? வீடுகள் இருக்கும் பக்கம் உணர்தலை அணைத்து வைக்க முடியுமா? யார் எப்போது கேட்டுப் பார்த்தார்கள் என்ற பதிவு இருக்குமா? 2023 மார்ச்சில் இந்தியா தன் 6ஜி நோக்க ஆவணத்தை வெளியிட்டிருக்கிறது. கருத்துக் கேட்பு வரும்போது மீனவர் சங்கங்களும் மனு போட வேண்டும்.

குவாண்டம் கணினி வந்தால் எல்லாப் பூட்டும் உடையுமா?

எல்லாம் உடையாது. பேச்சையும் தரவையும் பூட்டும் ஏஇஎஸ் போன்ற முறைகள் சாவியை 256 பிட் ஆக்கினால் தாங்கும். உடையக்கூடியது பொதுச் சாவி முறை, அதாவது 5ஜியில் சிம் எண்ணைப் பூட்டும் அதே முறை. இன்று பதிவு செய்து வைத்து நாளை திறக்கலாம் என்பதுதான் கவலை. மாற்று தயாராக இருக்கிறது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் மூன்று புதிய முறைகளை வெளியிட்டது. இடைஞ்சல் அளவில் இருக்கிறது: இப்போதைய பொதுச் சாவி 32 பைட், புதிய முறைகளில் ஒன்றான எம்எல்-கெம் 768இன் சாவி 1,184 பைட். சிறிய சிம்முக்கும் சிக்னல் மெலிந்த கடலோரத்துக்கும் இது சுமைதான். உங்கள் பக்கத்தில் இதற்குச் செய்ய ஒன்றுமில்லை, மென்பொருளைப் புதுப்பித்து வந்தால் போதும்.

இறால் பண்ணையில் சென்சாரும் மொபைல் ஸ்டார்ட்டரும் வைத்திருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

வனாமி இறால் குளத்தில் கரைந்த ஆக்சிஜன் விடியலுக்கு முன்தான் மிகவும் தாழும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஏரேட்டர் ஓடியே ஆக வேண்டும். ஒரு மணி நேரம் சிக்னல் வராமல் ஏரேட்டர் நின்றால் ஒரு பருவ உழைப்பு போய்விடும். ஆகவே இங்கே முதல் விதி: சிக்னல் அறுந்தால் ஏரேட்டர் ஓட வேண்டும், நிற்கக் கூடாது. கட்டுப்பாட்டு ரிலேயில் 'நார்மலி குளோஸ்டு' முனையில் (ரிலேக்கு மின்சாரம் இல்லாதபோதும் இணைந்தே இருக்கும் முனை) இணைப்பைக் கொடுங்கள். கன்ட்ரோலர் செத்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். ஓவர்லோடு, ஃபேஸ் பாதுகாப்பை மட்டும் தனியாக விட்டுவையுங்கள், அதைத் தாண்டி இணைக்காதீர்கள்.

மொபைல் ஸ்டார்ட்டர்களில் (போன் அழைப்பில் மோட்டாரை ஓட்டும் கருவிகளில்) பல, எண் பட்டியல் காலியாக இருந்தால் யார் அழைத்தாலும் கேட்கும். பொருத்திய அன்றே உங்கள் எண்களைப் பதிந்து, கம்பெனி வைத்த கடவு எண்ணை மாற்றுங்கள். பிறகு பட்டியலில் இல்லாத எண்ணிலிருந்து அழைத்துச் சோதியுங்கள். மோட்டார் அசைந்தால் பதிவு சரியில்லை.

லோரா வகை (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும்) சென்சார்கள் இங்கே 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. வாங்கும்போது 'ஓடிஏஏ' முறையில் (இணையும்போதெல்லாம் புதிய சாவி உருவாகும் முறை) இணைக்கச் சொல்லுங்கள். சாவி மாறாத 'ஏபிபி' என்ற மற்ற முறையில் கரண்ட் போய் வந்ததும் சென்சார் தன் செய்திகளுக்குப் போடும் வரிசை எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குத் திரும்பலாம், சர்வர் அதை ஏற்காது. அந்தத் தொல்லையிலிருந்து தப்ப, பொருத்துகிறவர் எண்ணிக்கைச் சோதனையையே அணைத்துவிடுவார். பிறகு நேற்றைய 'ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது' செய்தியைப் பதிந்து வைத்தவர் இன்று மறுபடி ஒலிபரப்பலாம். சென்சாரின் மேல் சாவி எழுதிய ஒட்டுத்தாள் இருந்தால் கிழித்துப் பத்திரப்படுத்துங்கள். சர்வருக்கு எம்க்யூடிடி (சென்சார் தரவை அனுப்பும் ஒரு முறை) வழியே தரவு போனால் போர்ட் 1883 திறந்த பாதை, 8883 பூட்டிய பாதை. எது என்று பொருத்துகிறவரிடம் கேளுங்கள்.

லாட்ஜ், ஹோம்ஸ்டே வைஃபைக்கு?

விருந்தினருக்குத் தனி நெட்வொர்க். பில்லிங் கணினியும் சிசிடிவியும் அதில் இருக்கக் கூடாது. வைஃபை பூட்டுக்கு டபிள்யூபிஏ3, பழைய போன்களுக்காக டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறை. கடவுச்சொல் இல்லாமல் இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் பொத்தானை அணைக்க வேண்டும். விருந்தினர் கருவிகள் ஒன்றையொன்று பார்க்காதபடி 'ஏபி ஐசொலேஷன்' போட வேண்டும். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வைஃபை கடவுச்சொல்லாக இருக்கக் கூடாது.

போனில் வரும் புயல் எச்சரிக்கை போலியாக இருக்க முடியுமா?

தொழில்நுட்பப்படி முடியும். டவரிலிருந்து எல்லாப் போன்களுக்கும் ஒரேநேரத்தில் ஒலிக்கும் அந்தச் செய்தியில் எண்மக் கையொப்பம் கிடையாது, போன் அதைச் சரிபார்க்காமல் காட்டும். இருந்தாலும் எச்சரிக்கை வந்தால் முதலில் உண்மை என்றே எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்புங்கள், சரிபார்ப்பது பிறகு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த கடல் இது. சரிபார்க்க வானிலை மையத்தின் அறிவிப்பு, மீன்வளத் துறையின் டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) நிறுத்தம், பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண் ஆகியவை இருக்கின்றன. 'எச்சரிக்கை ரத்து, கடலுக்குப் போகலாம்' என்று போனில் மட்டும் வரும் செய்தியை ஒருபோதும் நம்பிப் போகாதீர்கள்.

சிக்னல் பூஸ்டர், வெளிநாட்டிலிருந்து வந்த சாட்டிலைட் போன் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். தனியார் பூஸ்டர் பொருத்துவது சட்டவிரோதம், பக்கத்துத் தெருவின் சிக்னலையும் கெடுக்கும். துராயா, இரிடியம் போன்கள் அனுமதியின்றி வைத்திருந்தால் கைது வரை போகும். வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர் அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் படகில் ஏற்றாதீர்கள். கடலில் ஆபத்து என்றால் விஎச்எஃப் ரேடியோவின் சேனல் 16, கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093.

போன் கடலில் விழுந்துவிட்டது, அல்லது சிம் திடீரெனச் செத்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

நல்ல சிக்னல் உள்ள இடத்தில் சிம் மட்டும் காரணமில்லாமல் செத்தால், யாரோ உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கியிருக்கலாம். வேறு போனிலிருந்து நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்குங்கள், அடுத்த அழைப்பு வங்கிக்கு. பணம் போயிருந்தால் உடனே 1930. முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். தொலைந்த போனை சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கலாம். அதற்கு ஐஎம்இஐ எண் வேண்டும். இன்றே *#06# அழுத்தி வரும் 15 இலக்கங்களை வீட்டில் ரேஷன் கார்டோடு எழுதி வையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகின்றன என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம்.

'பார்சல் வந்திருக்கிறது, இந்த எண்ணை அழுத்துங்கள்' என்று *401* தொடங்கும் எண்ணைச் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்கள் அழைப்புகள் எல்லாம், ஓடிபி சொல்லும் அழைப்பு உட்பட, அவர்களுக்குத் திரும்பிவிடலாம். தவறி அழுத்தியிருந்தால் ##002# போட்டு ரத்து செய்யுங்கள். சிம்முக்கு 'பின்' (PIN) என்ற பூட்டு எண் போட்டு வையுங்கள். மூன்று முறை தவறினால், பூட்டைத் திறக்கும் 'பக்' (PUK) எண் கேட்கும், அதைப் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் நிரந்தரமாகப் போய்விடும். ஆகவே பக் எண்ணையும் ஐஎம்இஐயோடு சேர்த்தே எழுதுங்கள்.